பெரிய கடை வந்தால் யாருக்கு லாபம்?



சம்பளம் கிடைத்த மறுநாள் டவுனுக்குப் போகாத குடும்பம் நமது தோட்டங்களில் இல்லை எனலாம். முன்பெல்லாம் நேராகப் பழகிய கடைக்குப் போவோம். கொப்பியில் எழுதிய பற்றைத் தீர்ப்போம், புதிய பற்றைத் தொடங்குவோம். இப்போது நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை என்று எந்த டவுனுக்குப் போனாலும் கண்ணாடிக் கதவு போட்ட சுப்பர் மார்க்கட் இருக்கிறது. "அங்க பத்து ரூபா கொறவு" என்கிறார் ஒருவர். "அங்க கடன் தருவாங்களா?" என்று கேட்கிறார் மற்றவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அதனால் இந்த இதழில் இதை ஒரு பாடமாகவே எடுத்துப் படிப்போம்.

மில் இருந்த இடத்தில் மோல்

முதலில் கொழும்புக்குப் போய் வருவோம். ஹெவ்லொக் டவுனில், ஹெவ்லொக் வீதியோரம் வானுயர்ந்த மாடி வீடுகளும் பெரிய மோல் ஒன்றும் நிற்கின்றன. ஹெவ்லொக் சிட்டி என்பது அதன் பெயர். நமது பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்துக் கடைகளிலும் வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அங்கே இருந்தது வெள்ளவத்தை நூல் நூற்பு, நெசவு ஆலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அந்த மில்லில் சிங்களவரும், இந்தியாவிலிருந்து வந்த மலையாளிகளும் தமிழரும் வேலை செய்தனர். 1933இல் அங்கே ஒரு பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. கொல்வின் ஆர். டி சில்வா அதில் முன்னின்றார். அந்த நேரத்தில் தொழிலாளரிடையே 'நம்ம ஆள், வெளி ஆள்' என்ற பேதம் கிளப்பப்பட்டது. ஒரே தறி ஓடும் இடத்தில் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். பிற்காலத்தில் மில் மூடப்பட்டது. நிலம் கைமாறி, நூல் செய்த இடம் பொருள் விற்கும் இடமாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஓரிடத்தில் வேலை எந்த வடிவில் இருக்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். அந்த மாற்றத்தை நாம் நிறுத்த முடியாமல் போகலாம். ஆனால் மாற்றம் வரும்போது உரிமையைத் தெரிந்து வைத்திருப்பவனும் ஒற்றுமையாக இருப்பவனும்தான் நிலைத்து நிற்பான்.

பெரிய கடை எப்படி வந்தது?

இலங்கையில் 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1844இல் தொடங்கிய பழைய வியாபார நிறுவனமான கார்கில்ஸ், 1983இல் கொழும்பு ஸ்டேப்பிள்ஸ் வீதியில் தனது முதலாவது புட் சிட்டி கடையைத் திறந்தது. பின்னர் கீல்ஸ், ஆர்பிக்கோ முதலியனவும் கிளைகளைப் பெருக்கின. 1999இல் கார்கில்ஸ் ஹங்குராங்கெத்தையில் விவசாயிகளிடம் நேரடியாக மரக்கறி வாங்கும் நிலையம் ஒன்றை ஆரம்பித்தது.

விலை குறைவதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. நமது டவுன் கடைக்காரர் ஐந்து மூட்டை பருப்பு வாங்குகிறார். பெரிய கடை நூற்றுக்கணக்கான கிளைகளுக்கும் சேர்த்து ஒரே பேரத்தில் வாங்குகிறது. இடையில் நிற்கும் தரகர் குறைகிறார். சில பொருட்களை லாபமில்லாமலே விற்று, உள்ளே வந்தவர் வேறு பொருட்களையும் வாங்கும்படி செய்யவும் அதனால் முடியும். சின்னக் கடைக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை.

மரக்கறி பயிரிடும் நமது குடும்பங்களுக்கும் இதில் இரண்டு பக்கம் உண்டு. நேரடியாக விற்றால் தராசும் விலையும் தெளிவாக இருக்கும். ஆனால் நல்ல காயைத் தெரிந்து எடுத்துவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த மீதியை எடுக்கச் சந்தை ஒன்று இருந்தால்தான் விவசாயி பிழைப்பான். ஆகவே பொதுச் சந்தை அழிந்துபோவது நமக்கு நல்லதல்ல.

சின்னக் கடையின் பெறுமதி

1962இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறு டவுனில் தொடங்கிய வோல்மார்ட், இன்று உலகின் மிகப் பெரிய சில்லறை வியாபாரம். அது போய் இறங்கிய பல சிறு டவுன்களில் பழைய கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2012இல் இந்திய மத்திய அரசு இத்தகைய வெளிநாட்டுக் கடைகளுக்கு 51 வீதம் வரை முதலீட்டு அனுமதி கொடுத்தபோது, தமிழ்நாட்டு வியாபாரிகள் எதிர்த்தனர். மாநில அரசும் அதை ஏற்க மறுத்தது.

ஒரு சின்னக் கடை மூடப்படும்போது முதலாளி மட்டும் பாதிக்கப்படுவதில்லை. மூட்டை தூக்கும் நாட்டாமி, லொறிக்காரர், பக்கத்துத் தேநீர்க் கடை எல்லோருக்கும் அடி விழும். 50 வயது நாட்டாமிக்குச் சுப்பர் மார்க்கட்டில் காசாளர் வேலை கிடைக்காது.

2022ஆம் ஆண்டை மறக்க முடியுமா? அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. அப்போது, "சம்பளம் வந்ததும் தாங்க" என்று அரை கிலோ மா கட்டிக் கொடுத்தவர் யார்? முகம் தெரிந்த கடைக்காரர்தான்.

ஆனால் பற்றுக் கொப்பிக்கும் ஒரு விலை உண்டு. நமது பாட்டன்மார் 'துண்டு' என்ற கடன் சீட்டால் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று யாரும் துண்டு எழுதுவதில்லை. ஆனாலும் கொப்பியைப் பார்க்காமல் கணக்கைத் தீர்ப்பவர் வேறு வகையில் கட்டுப்பட்டே இருக்கிறார். ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாவுக்குக் கடனில் சாமான் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடனுக்காக நூற்றுக்கு 8 ரூபா கூடுதலாகப் போட்டால் மாதம் 1,200 ரூபா. வருடத்துக்கு 14,400 ரூபா. ஒரு பிள்ளையின் புத்தகம், சப்பாத்து, உடுப்புச் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

கடையில் வேலை செய்யும் பிள்ளைகள்

அண்மையில் ஹெவ்லொக் டவுன் பக்கம் போனபோது, நமது தோட்டத்துத் தம்பி ஒருவரைச் சந்தித்தோம். ஒரு கடையில் மூன்று வருட வேலை. "சாப்பாடும் படுக்க எடமும் தர்றாங்கண்ணே. மொதலாளி நல்லவர்தான்" என்றார். நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. ஊழியர் சேமலாப நிதி இலக்கம்? "அது தோட்டத்தில அம்மாவுக்குத்தான் இருக்கு." நாங்கள் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். கொழுந்து பறிக்கும் தாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு, கொழும்புக்கு 'நல்ல வேலை' என்று அனுப்பிய மகனுக்குக் கிடைக்கவில்லை.

கடை பெரிதோ சிறிதோ, சட்டம் ஒன்றுதான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சொல்வது இது:

1. வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு.

2. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை.

3. எழுத்தில் நியமனக் கடிதம்.

இவற்றுடன் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். அதை ஊழியரின் சம்பளத்தில் வெட்டக் கூடாது.

40,000 ரூபா சம்பளத்தில் சேமலாப நிதிக்கு மாதம் 8,000 ரூபா சேரும். அந்தத் தம்பியின் மூன்று வருடத்துக்கு அது 2,88,000 ரூபா, வட்டி வேறு. அவர் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியது இவ்வளவு! பெரிய சுப்பர் மார்க்கட் என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். வேலைக்கு எடுப்பது கடையா, இடையில் நிற்கும் ஆட்கொத்தந்தக்காரரா என்று கேளுங்கள். நியமனக் கடிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்தக் கடைக்கும் அனுப்பவே கூடாது. குறை இருந்தால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

நாம் என்ன செய்யலாம்?

கார்கில்ஸ் தொடங்கிய அதே 1844ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் 28 பேர் ஆளுக்கொரு பவுண் போட்டு ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவுத் தொழிலாளர். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா போன்ற சில பொருட்கள்தான் சரக்கு. கலப்படமில்லை, அளவு சரி, கடனில்லை. லாபத்தை வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியது அந்தக் கடைதான்.

நமது பல தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு லயத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அரிசி, பருப்பு, சீனியை மூட்டையாக வாங்கிப் பங்கிட்டாலே, பெரிய கடையின் வித்தையை நாமும் செய்தவர்களாவோம். டவுனுக்குப் போகும் முன் சாமான் பட்டியல் எழுதுங்கள். பைக்கற்றின் விலையை மட்டும் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். பற்றுக் கொப்பி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். குறித்த விலைக்கு மேல் கேட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பெரிய கடை எதிரியுமல்ல, சின்னக் கடை தெய்வமுமல்ல. வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தை எங்கே கொடுக்கிறோம், பிள்ளையை எங்கே வேலைக்கு விடுகிறோம் என்பதை அறிந்து செய்வோம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. போன மாதம் நாம் கடனில் வாங்கியது எவ்வளவு? காசுக்கு வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?

2. வெளியூரில் வேலை செய்யும் நமது பிள்ளையிடம் நியமனக் கடிதமும் சேமலாப நிதி இலக்கமும் உண்டா?

3. நமது லயத்தில் சேர்ந்து வாங்க விரும்பும் குடும்பங்கள் எத்தனை?

மூன்றாவது கேள்விக்கு ஐந்து குடும்பம் என்று பதில் வந்தாலும் போதும், அடுத்த சம்பளத்திலேயே தொடங்கலாம்.