இன்ஜினைத் திருப்பாதே, நகர்த்து

நாமக்கல் பட்டறைகளை வேடிக்கை பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வெறும் சேஸிஸா வர்ற வண்டி, நம்ம ஊர் வெல்டர் கையில முழு லாரியா வெளிய போகும். ரேஸ் கார் பிறந்த கதையும் இதுக்கு ரொம்ப தூரத்துல இல்ல.

1946ல இங்கிலாந்துல சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர்னு அப்பாவும் மகனும் சேர்ந்து சின்னதா ஒரு ரேஸ் கார் செஞ்சாங்க. ஃபியட் டோபோலினோங்கிற குட்டிக் காரோட முன்பக்க சஸ்பென்ஷன் ரெண்டை எடுத்து, ஒண்ணை முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் வெச்சாங்க. இன்ஜின், 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் இன்ஜின். அதை டிரைவருக்குப் பின்னாடி வெச்சதுக்குப் பெரிய தியரி எதுவும் இல்ல. செயின் டிரைவ், பின் சக்கரத்துக்குப் பக்கத்துல இருந்தா செயின் சின்னதாப் போகும், அவ்வளவுதான். (1930கள்லயே ஜெர்மனியோட ஆட்டோ யூனியன் இன்ஜினைப் பின்னாடி வெச்சு ஜெயிச்சிருக்கு. ஆனா அது பெரிய பட்ஜெட் சமாச்சாரம்.)

அந்தச் சின்ன கார் வளர்ந்து வளர்ந்து, 1958 அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில ஸ்டிர்லிங் மாஸ் கையில ஃபெராரியைத் தோற்கடிச்சது. 1959, 1960 ரெண்டு வருஷமும் ஜாக் பிராபம் கூப்பர்லதான் உலக சாம்பியன். இன்ஜினை முன்னாடி வெச்ச ஃபார்முலா ஒன் காருங்க காலம் அதோட முடிஞ்சது. இன்னிக்கும் குட்வுட் ரிவைவல் மாதிரி பழைய கார் பந்தயங்கள்ல அந்த 500 சிசி கூப்பர்களை நிஜமாவே விரட்டி ஓட்டுறாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கல.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சென்னைக்கு வடக்க சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திட்டு இருந்தது. 1980கள்ல விஜய் மல்லையா அங்க ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டு வந்து ஓட்டினார். பார்க்க அருமையா இருந்திருக்கும். ஆனா அது ஒருத்தரோட பர்ஸ் கதை. எனக்குப் பெரிய கதையாத் தெரியுறது கோயம்புத்தூர் கரிவர்தன் உருவாக்கின ஃபார்முலா மாருதிதான். மாருதி 800ல இருக்கற அதே 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின். எந்த ஊர்லயும் ஸ்பேர் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரிச்சு மாட்டுவார். நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினது இந்த வகைக் கார்லதான். 2005ல அவர் ஃபார்முலா ஒன்னுக்கே போனார்.

இப்ப பாடம். மாருதி 800ல இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்கா, முன்னாடி இருக்கு. முன் சக்கரம்தான் இழுக்குது. அந்த மொத்த செட்டையும் டிரைவருக்குப் பின்னாடி கொண்டுபோகணும்னா முதல்ல தோணுறது 180 டிகிரி திருப்பி வைக்கறது. திருப்பினா சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தும். உங்களுக்கு நாலு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு ஃபார்வர்டு கியரும் கிடைக்கும்! அதனால திருப்பாம, அப்படியே பின்னாடி நகர்த்தணும். அப்ப, முன் ஆக்ஸிலுக்கு முன்னாடி இருந்த இன்ஜின், இப்ப பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி, அதாவது காரோட நடுவுல வந்து உட்காரும். எடை நடுவுல குவிஞ்சா வளைவுல கார் சீக்கிரம் திரும்பும். கையை விரிச்சுட்டு சுத்திப் பாருங்க, அப்புறம் மடக்கிட்டு சுத்திப் பாருங்க, புரியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எடை பின்னாடி சாயும். இழுக்கற சக்கரமும் அங்கதான் இருக்கு.

சிக்கல் வேற இடத்துல. முன்பக்க ஹப்பைப் பின்னாடி போட்டா, அதுல ஸ்டீரிங் ஆர்ம் இருக்கும். பின் சக்கரம் திரும்பக் கூடாதுல்ல? அந்த ஆர்மை ஒரு ராடு வெச்சு சேஸிஸோட கட்டணும். அந்த ராடோட நீளமோ மாட்டுற உயரமோ தப்பாப் போனா, ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் பின் சக்கரம் தானா திரும்பும். டிரைவர் நேரா பிடிச்சிருப்பார், கார் நேரா போகாது.

பவர் கணக்கும் போட்டுடலாம். சுமார் 37 குதிரைத்திறன், 650 கிலோ கார்னா ஒரு டன்னுக்கு 57. அதே இன்ஜினை 400 கிலோ வண்டியில வெச்சா 92. இன்ஜின்ல ஒரு போல்ட் கூட மாத்தல.

கரிவர்தன் 1995ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையத்துல அவர் பேர்ல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வேலதான் இன்னிக்கு ஃபார்முலா பாரத் நடக்குது. நம்ம மாதிரி காலேஜ் பசங்க செஞ்ச காரை எடுத்துட்டுப் போறோம். குட்வுட்ல ஓடற கூப்பருக்கு எந்த வருஷம் எந்தப் பாகம் மாட்டினாங்கங்கற வரைக்கும் ஆவணம் தேடி வைக்கறாங்க. நம்ம டீம்ல? சீனியர்ஸ் செஞ்ச முதல் சேஸிஸை, பைப் பத்தலைனு நாங்களே அறுத்துட்டோம். டிராயிங் ஒரு அண்ணன் லேப்டாப்ல இருந்தது. அந்த ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. பின் சக்கர ராடை அவங்க எந்த உயரத்துல மாட்டினாங்கன்னு யாருக்கும் தெரியல. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு செமஸ்டர் போச்சு.

ஒர்க்‌ஷாப் பின்னாடி அந்தச் சேஸிஸோட பின்பாதி மட்டும் துருப்பிடிச்சுக் கிடக்கு. போன சனிக்கிழமை நாலு பேர் டேப்பும் சாக்பீஸும் எடுத்துட்டுப் போய் அளக்க ஆரம்பிச்சிருக்கோம். இடது பக்கம் முடிஞ்சது.