சில்லறைப் பழுதுவேலை

வீடு கட்டுங்காலத்தில் தச்சரும் கொத்தரும் குழாய் வேலை செய்வோரும் வந்து தத்தம் பணியை முடித்துச் செல்வர். குடிபுகுந்த பின்னர்க் கதவின் கீல் தளர்ந்தாலும், குழாய் ஒழுகினாலும், தரையில் ஓடு ஒன்று பெயர்ந்தாலும் அவர்களுள் ஒருவரை அழைத்துவருதல் எளிதன்று. அரைநாட் கூலிக்கும் போதாத வேலைக்கு அவர் வர விரும்பார். இத்தகைய சிறு வேலைகள் பலவற்றையும் ஒருவனே கற்றுச் செய்வதே சில்லறைப் பழுதுவேலையாகும்.

இத்தொழிலுக்கு வேண்டும் முதல் மிகச் சிறிது. சுத்தியல், குறடு, திருப்புளி, உளி, இழைப்புளி, கைவாள், கரணை, இரசமட்டம், அளவுநாடா, துளையிடும் பொறி, ஏணி ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். 2023ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய விசுவகர்மாத் திட்டம், தச்சர், கொத்தர் முதலான 18 வகைக் கைத்தொழிலாளர் 5 விழுக்காட்டு வட்டியில் முதற்கடனாக 1 இலட்சம் ரூபாய் வரை பெற வழிசெய்தது. ஆயினும் கடன் கிடைக்கின்றது என்பதற்காகக் கருவிகளை வாங்கிக் குவித்தல் அறிவுடைமையன்று. ஆண்டுக்கு ஒருமுறை பயன்படுங் கருவியை வாடகைக்கு எடுத்தலே நன்று.

கைத்திறனோடு காரணம் அறியும் அறிவும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கதவு நிலையில் இறுகித் திறவாமல் நிற்கும். உடனே இழைப்புளியை எடுத்துச் சீவுவோன் அவசரக்காரன். மரம் மழைக்கால ஈரத்தை ஏற்றுப் பருக்கும். பங்குனி வெயிலில் மீண்டும் சுருங்கும். அப்போது சீவிய பக்கத்தில் விரல் நுழையும் இடுக்குத் தோன்றும். தேர்ந்தவன் முதலிற் கீலின் திருகாணிகளைச் சோதிப்பான். ஆணித்துளை அகன்று கதவு தொங்கியிருப்பின், அத்துளையில் மரச்சிம்பு ஒன்றைப் பசையிட்டுச் செருகி ஆணியை மீண்டும் திருகுவான். கதவு நேராகிவிடும். இது கால்மணி நேர வேலை.

அக்கால்மணி நேரத்துக்கு என்ன கூலி கேட்பது? தொழில் நிலைப்பதும் கெடுவதும் இவ்வினாவைப் பொறுத்தனவே. ஒருவனுக்குக் குடும்பச் செலவுக்கென மாதம் 20,000 ரூபாய் வேண்டும் எனக் கொள்வோம். 25 நாள் வேலை செய்தால் நாளொன்றுக்கு 800 ரூபாய் ஆகின்றது. நாளும் 8 மணி நேரம் உழைப்பதால் மணிக்கு 100 ரூபாய் போதும் என அவன் கணக்கிடுகின்றான். ஆனால் தெருத்தெருவாகச் செல்வதிலும், கடையில் ஆணி வாங்குவதிலும், வீட்டுக்காரர் வரும்வரை திண்ணையிற் காத்திருப்பதிலும் 4 மணி நேரம் கழிந்துவிடுகின்றது. எஞ்சிய 4 மணிக்கே கூலி. மாலையில் அவன் கொண்டுவருவது 400 ரூபாய்தான். வண்டிக்கு இட்ட பெட்ரோல் இக்கணக்கிற் சேரவில்லை. காலை முதல் ஓயாது உழைத்தும் மளிகைக்கடைப் பாக்கி ஏன் ஏறுகின்றது என்று அவன் மனைவி திகைப்பாள். அவன் கேட்டிருக்க வேண்டியது மணிக்கு 200 ரூபாய்.

ஆதலின் வந்து பார்ப்பதற்கெனக் குறைந்த அளவுக் கூலி ஒன்றை முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். சொல்லக் கூசுவோர் பலர். வேலை முடிந்தபின் அதைச் சொல்வது அதனினும் கூச்சந் தரும். வந்த வீட்டில் வேறு சில்லறை வேலைகள் உளவோ என வினவி ஒரே முறையில் முடிப்பது இருதிறத்தார்க்கும் ஆதாயம். பொருள் வாங்கிய பணத்தைக் கூலியோடு கலவாது தனியே எழுதிக் கடைச்சீட்டையும் காட்டினால் ஐயத்துக்கு இடமிராது.

திருவள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அஃது அரசர்க்கு மட்டுமன்றி ஏணியேறுவோனுக்கும் உரியது. வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் உடையது. ஒரு தொடுகையில் உயிரைப் போக்கவல்லது. தமிழ்நாட்டில் மின்கம்பி வேலை செய்வோன் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். அச்சான்று இல்லாதவன், வீட்டார் எத்துணை வற்புறுத்தினும், அவ்வேலையைத் தொடலாகாது. சமையல் வாயுக் குழாயும், கூரையைத் தாங்குஞ் சுவரும் அத்தகையனவே. இவற்றை மறுத்து உரியவரை அழைத்துவருவோனுக்கு அன்றைய கூலி குறையும். ஆயினும் அடுத்த முறை வெளியூர் செல்லும் வீட்டார், திரும்பி வருவதற்குள் குழாயைச் சரிசெய்து வைக்குமாறு கூறிச் சாவியை அவன் கையிற் கொடுத்துச் செல்வர்.