பனி விழும் விடியலில் மின்கம்பம் சீறுவதேன்?



மார்கழி விடியலில் கோலமிட வாசலுக்கு வரும்போது, தெருமுனை மின்கம்பத்தின் உச்சியில் ‘ஸ்ஸ்...’ என்றொரு சீறல் கேட்டதுண்டா? எங்கள் தாராசுரத்தில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சில நாட்களில் நீலப் பொறியும் தெரியும். சற்று நேரத்தில் மின்சாரம் நின்று, தறிக்கூடம் இருண்டுவிடும். காற்றில்லை, மழையில்லை, இடியில்லை. பிறகு ஏன்?

லைன்மேன் வேலை பார்க்கும் என் சித்தப்பாவிடம் கேட்டேன். “மழை பெய்தால் பயமில்லை அம்மா, பனி பெய்தால்தான் பயம்” என்றார். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

உயர் அழுத்தக் கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்து நிறுத்துவது பீங்கான் இன்சுலேட்டர். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் மேல் படியும் அழுக்கு? சாலைப் புழுதி, செங்கல் சூளைப் புகை, அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல், பறவை எச்சம் இவை எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. காய்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. பனி நனைத்ததும் உப்பு கரைந்து, அந்த மெல்லிய ஈரத்தின் வழியே மின்சாரம் கசிகிறது. பெருமழையோ அழுக்கையே கழுவிவிடுகிறது!

இதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிஸ்டர் செய்து காட்டினார்கள். பீங்கான் தட்டில் உப்புநீர் பூசி உலர்த்தி, இரு ஓரங்களிலும் அலுமினியத் தாள் ஒட்டி, 9 வோல்ட் மின்கலத்தையும் மில்லி அம்மீட்டரையும் இணைத்தோம். முள் அசையவில்லை. வெந்நீர் ஆவியைக் காட்டியதும் எழுந்தது. தட்டை நன்கு கழுவித் துடைத்து மறுபடி ஆவி காட்டினோம். முள் படுத்தே கிடந்தது.

நம் வயல் வரப்பில் நண்டு வளை வழியே நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கவனியாமல் விட்டால் வரப்பே உடையும். இங்கும் அப்படித்தான். கசியும் மின்னோட்டம் ஈரத்தைச் சூடாக்கி ஆங்காங்கே உலர்த்துகிறது. மின்னழுத்தத்தின் பெரும்பகுதி அந்த உலர்ந்த பட்டையின் மீது விழ, பொறி தாவுகிறது. பொறிகள் நீண்டு ஒன்றுசேர்ந்தால் கம்பியிலிருந்து கம்பம்வரை மின்வில் பாயும், வழித்தடம் நின்றுவிடும்.

ஆகவே கசிவை முன்னதாகவே அளக்கிறார்கள். இன்சுலேட்டர் சரத்தின் கம்பப் பக்கத்தில் ஓர் உலோக வளையம் மாட்டி, மேற்பரப்பில் ஊர்ந்து வரும் மின்னோட்டத்தை ஒரு கருவி வழியே தரைக்கு அனுப்புகிறார்கள். சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் அது மில்லி ஆம்பியருக்கும் மிகக் குறைவு. அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் பத்து, நூறு மில்லி ஆம்பியர் என எகிறும். அந்த எகிறல்களைக் கருவி எண்ணிச் சொல்ல, கழுவ வேண்டிய நாளைப் பொறியாளர் முடிவு செய்வார்.

2010 ஜனவரியில் வட மாநிலங்களில் அடர்ந்த மூடுபனியின்போது பல வழித்தடங்கள் இவ்வாறே நின்றன. அங்கே ஹெலிகாப்டரிலிருந்து நீர் பீய்ச்சி இன்சுலேட்டர்களைக் கழுவுவதுண்டு. பல இடங்களில் பீங்கானை எடுத்துவிட்டு, நீர் ஒட்டாத சிலிக்கோன் ரப்பர் வகையையும் மாட்டினார்கள்.

நம் பக்கத்தில் உப்பளங்கள் நிறைந்த வேதாரண்யத்தை நினைத்துப் பாருங்கள். கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசும். 1986ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி, அழுக்குக் குறைந்த இடத்தில் கிலோவோல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர், மிகக் கடுமையான இடத்தில் 31 மில்லிமீட்டர் மேற்பரப்புத் தூரம் கேட்டது. 110 கிலோவோல்ட் வழித்தடத்தின் உச்ச அழுத்தம் 123 கிலோவோல்ட். கணக்குப் போட்டால் முன்னதற்குச் சுமார் 2 மீட்டர், பின்னதற்குச் சுமார் 3.8 மீட்டர். இன்சுலேட்டரின் அடியில் மடிப்பு மடிப்பாக இருப்பது அழகுக்கு என்றே நான் நினைத்திருந்தேன்! சிறிய இடத்தில் நீண்ட பாதையை அடக்கத்தான் அந்த மடிப்புகள்.

எங்கள் தெருக் கம்பத்தில் அளக்கும் கருவி ஏதுமில்லை, காதுதான் கருவி. எந்தக் கம்பம் சீறியது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். மின்சாரத்தை நிறுத்தி, ஏறித் துடைத்துவிட்டு வந்தார். அவர் கையிலிருந்த வெள்ளைத் துணி அடுப்புக்கரி போலிருந்தது.