பருவத்தோடு இயைந்த தொடுகறி

பாரதத்தின் எப்பகுதியிலும் உணவின் அடிப்படை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. தெற்கிலும் கிழக்கிலும் சோறு, வடக்கிலும் மேற்கிலும் ரொட்டி, உடன் ஏதேனும் ஒரு பருப்பு. மாறுவது அதன் அருகே சிறிதளவு பரிமாறப்படும் தொடுகறியே. பச்சடி, கோசம்பரி, கச்சும்பர், ராய்தா, துவையல் எனப் பல பெயர் பெறும் அதுதான், இப்போது நிலத்தில் என்ன விளைகிறது என்பதை உண்பவருக்கு அறிவிக்கிறது.

குளிர்பதனக் கிடங்குகளும் நெடுந்தூரப் போக்குவரத்தும் வந்தபின், பெரும்பாலான காய்கள் எல்லா மாதங்களிலும் கிடைக்கின்றன. ஆயினும் பல இல்லங்களில் உருளைக்கிழங்கும் தக்காளியுமே ஆண்டு முழுவதும் ஆட்சி செய்கின்றன. விரும்பியது எப்போதும் கிடைக்கும்போது, கிடைப்பதை விரும்பும் பழக்கம் மெல்ல மறைகிறது. தொடுகறி என்னும் சிறிய பொருளில் அடங்கியுள்ள பெரிய பாடம் இதுவே.

முன்னோர் கண்ட முறை

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் ஆறாவது அத்தியாயம், ஆறு பருவங்களுக்கும் உரிய உணவையும் ஒழுக்கத்தையும் விரித்துரைக்கிறது. குளிர்காலத்தில் செரிமான அக்கினி வலுவுற்றிருக்கும். மழைக்காலத்தில் அது தளரும். கோடையில் இனிப்பும் குளிர்ச்சியும் நீர்மையும் உள்ள உணவு ஏற்றது என்பது அதன் கருத்து.

தற்கால அறிவியல் வேறு வழியில் வந்து, காய்கனிகளின் தேவையை வலியுறுத்துகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உணவில் நாளொன்றுக்குக் காய்கறிகள் 400 கிராமும் பழங்கள் 100 கிராமும் இடம்பெற வேண்டும் என்கிறது. ஒரு கரண்டிப் பொரியலால் இவ்வளவு நிறைவுறாது. வேகவைத்த கறி ஒன்று, பச்சையாக உண்ணும் கலவை ஒன்று, பழம் ஒன்று என அமைத்துக்கொண்டால் எளிதில் நிறைவுறும்.

வசந்தமும் கோடையும்

ஆண்டுப் பிறப்பன்று ஆந்திர, தெலங்கானா, கர்நாடக இல்லங்களில் உகாதிப் பச்சடியும், தமிழகத்தில் வேப்பம்பூ சேர்த்த மாங்காய்ப் பச்சடியும் இடம்பெறுகின்றன. மாவடுவும் வேப்பம்பூவும் ஒருசேரக் கிடைக்கும் காலம் அது. கசப்பையும் இனிப்பையும் ஒரே கரண்டியில் ஏற்கும் அந்த வழக்கத்தின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. வங்காளத்திலும் வசந்த காலத்தில் இளம் வேப்பிலையைக் கத்தரிக்காயுடன் வறுத்து, உணவின் தொடக்கத்தில் உண்பர்.

ஸ்ரீராம நவமியில் பானகத்தோடும் நீர்மோரோடும் வழங்கப்படும் கோசம்பரி, கோடைக்கு மிகப் பொருத்தமானது. அரைக் கோப்பைப் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடிக்க வேண்டும். பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய் ஒரு கோப்பை, துருவிய மாங்காய் இரண்டு தேக்கரண்டி, தேங்காய்த் துருவல், கொத்தமல்லி ஆகியவற்றைச் சேர்த்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டலாம். உப்பைப் பரிமாறும் வேளையில்தான் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் வெள்ளரி நீர் விட்டுவிடும்.

மழைக்காலம்

பச்சைக் காய்கள் எக்காலத்திலும் நல்லவை என்று எண்ணுவது முழு உண்மையன்று. மழைக்காலத்தில் நீரும் மண்ணும் மாசுறுவதால், கீரைகளிலும் பச்சையாக உண்ணும் காய்களிலும் நோய்க்கிருமிகள் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சாதுர்மாஸ்யத்தின் முதல் மாதத்தில் காய்கறிகளையும் இரண்டாம் மாதத்தில் தயிரையும் விலக்கும் விரதத்தைப் பலர் இன்றும் கடைப்பிடிக்கின்றனர். அவ்விரதம் மேற்கொள்ளாதோரும் இக்காலத்தில் பச்சைக் கலவைகளைக் குறைத்து, வெந்த தொடுகறிகளை நாடுவது நன்று.

பீர்க்கங்காய், புடலங்காய், சுரைக்காய், பாகற்காய் ஆகிய கொடிக்காய்கள் இப்பருவத்திற்கு உரியவை. பீர்க்கங்காயின் தோலையும் வீணாக்காமல் வதக்கி, உளுத்தம்பருப்பும் மிளகாயும் சேர்த்துத் துவையலாக அரைக்கலாம். எச்சரிக்கை ஒன்று: சுரைக்காயின் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்கையில் கசந்தால், அக்காயை எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்பு நஞ்சின் அறிகுறி, வேகவைத்தாலும் நீங்காது.

குளிர்காலம்

நிலம் மிகத் தாராளமாக வழங்கும் காலம் இது. குஜராத்தில் மகர சங்கராந்தியை ஒட்டி, அவரை வகைகள், கருணை, சர்க்கரைவள்ளி, சிறு கத்தரி, வாழைக்காய் முதலியவற்றைச் சேர்த்து உந்தியு சமைக்கின்றனர். மண்பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வேகவைத்த பழைய முறையே அதன் பெயருக்குக் காரணம். பஞ்சாபில் கேரட், காலிஃபிளவர், டர்னிப் மூன்றையும் கடுகும் வெல்லமும் சேர்த்து ஊறுகாயாக்குகின்றனர்.

எளிய கலவை ஒன்று: கேரட் இரண்டு, இளம் முள்ளங்கி ஒன்று, நெல்லிக்காய் ஒன்று ஆகியவற்றைத் துருவி, வறுத்த வேர்க்கடலைப் பொடியும் இந்துப்பும் கலக்கலாம். வைட்டமின் சி வெப்பத்தால் குறைவது. ஆகவே நெல்லியைப் பச்சையாகச் சேர்ப்பது சிறப்பு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் அது துணைபுரிகிறது. கொய்யாவும் இவ்வகையில் குறைந்ததன்று. ஆரஞ்சைக் காட்டிலும் அதில் வைட்டமின் சி மிகுதி.

விளையாத நிலத்தின் பாடம்

ராஜஸ்தானப் பாலையில் பசுங்காய்கள் அரிது. அங்குள்ள மக்கள் வன்னி மரத்தின் காய்களையும், கேர் என்னும் முட்புதரின் சிறு காய்களையும் உலர்த்தி வைத்துக்கொண்டு, கேர் சாங்க்ரி என்னும் தொடுகறியை ஆக்குகின்றனர். காஷ்மீரிலோ, கோடையில் விளைந்த கத்தரியும் சுரையும் உலர்த்தப்பட்டு, பனிமூடிய மாதங்களுக்காகக் காத்திருக்கின்றன. இல்லாததற்கு ஏங்காமல், இருப்பதைப் போற்றிக் காத்ததால் உருவான சுவைகள் இவை.

பரிமாறுவோர் கவனத்திற்கு

பலர் கூடி உண்ணும் இடங்களில் காய்களை நறுக்குவதற்கு முன்பே நன்கு கழுவ வேண்டும். நறுக்கிய கலவையை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்திருத்தல் கூடாது. சிறிது சிறிதாகத் தயாரித்து வழங்கினால் வீணாவதும் குறையும். சிறுநீரக நோயுற்றோர் மருத்துவர் அனுமதித்த காய்கனிகளையே உண்ண வேண்டும்.

மாம்பழம் முடிந்ததும் நாவல் வரும். நாவல் முடிந்ததும் சீதாப்பழம் வரும். வந்ததை நன்றியோடு ஏற்று, சென்றதை வருத்தமின்றி விடுப்பவரின் தட்டில் குறை என்பதே இராது. நாள்தோறும் மும்முறை கிடைக்கும் இப்பயிற்சி, உணவோடு நின்றுவிடுவதும் இல்லை.

சிந்தனைக்கு

1. சென்ற வாரம் இல்லத்தில் சமைத்த காய்களுள் எத்தனை இப்பருவத்தில், அருகிலுள்ள நிலத்தில் விளைந்தவை?

2. மூத்தோர் அறிந்திருந்து, இளையோர் சுவைத்தறியாத தொடுகறி எது? அதை யாரிடம் கேட்டுக் கற்கலாம்?

3. பருவம் கடந்த ஒரு காயை இம்மாதம் வாங்காதிருந்தால், அதன் இடத்தில் எதை வைக்கலாம்?