பேச ஆள் வேண்டும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில் கோவிந்தாபுரம் இருக்கிறது. அங்கே ஒரு சோதனைச் சாவடி. அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் கேரளம், பாலக்காடு மாவட்டம். கோவிந்தாபுரம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. முதலமடை மாம்பழத்துக்குப் பேர்போன இடம். இங்கே பல வீடுகளில் பேசுவது தமிழ். அரசு அலுவலகத்தில் மலையாளம்.

இப்படி ஓர் எல்லை ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார். முன்பு மாந்தோப்பு வேலைக்குப் போவார். நாலு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்வார். இப்போது முட்டி வலி. காலையில் கஞ்சி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்காருகிறார். சாலையில் லாரிகள் போகின்றன. பொழுது மட்டும் போகவில்லை.

“சோத்துக்குக் குறையில்லை கண்ணு. பேசத்தான் ஆளில்லை” என்பார் பாட்டி.

இது சும்மா மனக்குறை இல்லை. உடம்பையும் இது பாதிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று அது சொல்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், ஞாபகமறதி போன்றவை வரும் வாய்ப்பைத் தனிமை கூட்டுகிறது. கேரளத்தில் முதியவர்கள் அதிகம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இங்கே 100 பேரில் சுமார் 13 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். நாடு முழுவதும் பார்த்தால் 100 பேரில் சுமார் 9 பேர்தான்.

மகனும் மகளும் வேலையை விட்டு வர முடியாது. ஆனால் அவர்கள் குரல் வரலாம். முகமும் வரலாம். அதற்குத்தான் கைபேசி.

“இந்த வயசில் எனக்கு எதுக்கு அது?” என்று பலர் ஒதுங்குகிறார்கள். எழுத்தைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் மந்திரி இல்லை. முதிய வயதில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மாள்.

அதே கேரளத்தில் அண்மையில் இன்னொரு படிப்பு நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்று ஒரு பஞ்சாயத்து. அங்கே நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், கூலி ஏறியதா என்று பார்க்க பாங்கிக்கு நடந்தார்கள். ஒரு நாள் வேலை கெட்டது. கைபேசியிலேயே அதைப் பார்க்கலாமே என்று கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். 2022இல் அந்தப் பஞ்சாயத்து முழுவதும் கற்று முடித்தது. பிறகு ‘டிஜி கேரளம்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் இந்தப் படிப்பு பரவியது. 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். அவர்களில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 90 வயதைத் தாண்டியவர்கள்! பெரும்பாவூர்ப் பக்கம் அப்துல்லா மௌலவி என்ற பெரியவர் நூறு வயதுக்கு மேல் கைபேசி கற்றார். 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் இந்தப் படிப்பிலும் முழுமை பெற்றதாக அறிவித்தார்கள்.

இதில் பாராட்ட வேண்டிய விஷயம், சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் ஆளைத் தேடிப் போனதுதான். வீட்டுக்குப் போனார்கள். வேலை நடக்கும் இடத்துக்கும் போனார்கள். கைபேசியை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாது. பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும்.

நம் பாட்டி வீட்டுக்கு லீவில் மகள்வழிப் பேத்தி வந்தாள். முதலில் கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். பெயருக்குப் பக்கத்தில் மகன் படம், மகள் படம் என்று வைத்தாள்.

“அம்மாயி, மாமா முகத்தைத் தொடுங்க.”

பாட்டி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல். தோல் காய்ந்திருந்தால் கண்ணாடி அதை உணராமல் போகும். பேத்தி விரலை ஈரத்துணியில் லேசாகத் துடைத்துவிட்டாள். “அழுத்த வேண்டாம் அம்மாயி. ஈ உட்கார்ந்த மாதிரி தொட்டு எடுங்க.” இந்தமுறை மணி அடித்தது. திருப்பூரிலிருந்து மகன் முகம் தெரிந்தது.

“என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே?” என்றார் பாட்டி.

எழுதத் தெரியாவிட்டாலும் செய்தி அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் மைக் படம் ஒன்று இருக்கும். அதை விரலால் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். விரலை எடுத்ததும் பேச்சு போய்ச் சேரும். மகன் தறியிலோ தையலிலோ இருந்தாலும், ஓய்ந்தபோது கேட்டுக்கொள்வார். பதிலும் குரலாகவே வரும். அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம்.

பிள்ளைகளுக்கும் இரண்டு வேலை உண்டு. பேச ஒரு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி ஏழரை மணி என்றால் ஏழரை மணி. அப்போது பகல் முழுவதும் அம்மாவுக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். அடுத்தது, அம்மாவின் கைபேசிக்கு ரீசார்ஜ் தீரும் முன்பே போட வேண்டும். திருப்பூரில் இருந்தபடியே போடலாம். தீர்ந்து நாளானால் வரும் அழைப்பும் நின்றுபோகும். பெட்டி மட்டும் கையில் இருக்கும்.

ஓர் ஆபத்தும் உண்டு. தனியாக இருப்பவருக்கு யார் அன்பாகப் பேசினாலும் இனிக்கும். திருடர்களுக்கு இது தெரியும். “பாங்கியிலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்பார்கள். சொல்லக் கூடாது. “போலீஸ் பேசுகிறது, உங்களைக் கைது செய்திருக்கிறோம், போனை வைக்காதீர்கள்” என்று மிரட்டுவார்கள். போனிலே கைது செய்யச் சட்டத்தில் இடமே இல்லை. உடனே போனை வைத்துவிட்டு மகனையோ மகளையோ கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய நஷ்டம்.

முதியவர்களுக்கென்றே ஓர் உதவி எண் இருக்கிறது: 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். காசு கிடையாது. பென்ஷன், சட்டம் பற்றிக் கேட்கலாம். மனசு சரியில்லை என்றாலும் கூப்பிடலாம்.

நாள் முழுவதும் தனியாக உட்கார்ந்து கைபேசியில் படம் பார்ப்பது வேறு, பேசுவது வேறு. காய்ச்சல் வந்தால் கைபேசி ஒரு வாய் வெந்நீர் கொடுக்காது. அதற்குப் பக்கத்து வீடு வேண்டும். கேரளத்தில் பல பஞ்சாயத்துகள் முதியவர்கள் கூடி இருக்கப் பகல்வீடு நடத்துகின்றன. நம் பாட்டியின் திண்ணைக்கும் இப்போது இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவருக்குப் பழைய பாட்டு வேண்டும். இன்னொருவருக்குத் துபாயில் இருக்கும் பேரனைப் பார்க்க வேண்டும். பாட்டி எடுத்துக் கொடுக்கிறார்.

செய்து பாருங்கள்

1. நீங்கள் அடிக்கடி பேச விரும்பும் மூன்று பேரின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். கீழே 14567, 1930 என்றும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

2. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார்? அவர் கைபேசியில் யார் யார் பெயர் இருக்கிறது? கேட்டு வாருங்கள். படிப்பு மையத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள்.