அதிமதுரம்: பூசினால் போதுமா?

1. தூளாக வாங்காமல் வேராக வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் விரல் நீளத் துண்டுகளாகக் கிடைக்கும். மேலே பழுப்பு, உடைத்தால் உள்ளே மஞ்சள், மென்றால் இனிப்பு. வெளிறிப்போய் இனிப்பில்லாத துண்டு வேண்டாம். இடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நார் கலந்த தூள் முகத்தைக் கீறும்.

2. தூளைப் பன்னீரில் குழைத்துப் பூசிக் கால் மணி நேரத்தில் கழுவுவதுதான் வழக்கம். இதில் பாதிச் சத்து வாஷ்பேசினுக்குத்தான் போகிறது. வேரின் இனிப்புக்குக் காரணமான கிளிசரைசின் நீரில் கரையும். ஆனால் அதன் மூலக்கூறு எடை 800க்கும் மேல். 500ஐத் தாண்டியவை தோலின் மேலடுக்கைக் கடப்பது கடினம் என்பது மருந்தியலில் பொதுக் கணக்கு. கருமையைக் குறைக்க நாம் நம்புவது கிளாப்ரிடினை. மெலனின் உருவாக உதவும் டைரோசினேஸ் நொதியை அது தடுக்கிறது. எடை 324தான், உள்ளே இறங்கக்கூடியது. ஆனால் நீரில் கரையாமல் நாரிலேயே தங்கிவிடும்.

3. ஆகவே எண்ணெய். குங்குமாதி தைலத்தில் அதிமதுரத்தை நல்லெண்ணெயும் ஆட்டுப்பாலும் சேர்த்துக் காய்ச்சுவதைக் கவனியுங்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஒரு ஸ்பூன் தூளுக்கு ஐந்து ஸ்பூன் நல்லெண்ணெய். கிண்ணத்தோடு கொதிநீரில் வைத்துச் சிறுதீயில் அரை மணி நேரம் சூடாக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தூள் கருகி வாடை வரும். இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். ஈரம் துளியும் படக்கூடாது. வெளிச்சம் பட்டால் கிளாப்ரிடின் சிதையும், அதனால் பழுப்பு நிறச் சீசா நல்லது. கடை சீரம் அளவுக்கு இதில் சத்து இருக்காது, வெறும் பன்னீர்க் குழையலைவிட மேல்.

4. குளித்து, துண்டால் ஒற்றிய ஈரம் காயும் முன்னே நாலு சொட்டு தடவுங்கள். ஈரத்தில் ஊறிய தோல்தான் எளிதில் இடம் கொடுக்கும்.

5. பூச்சே பிடிக்குமென்றால் தயிரோ இரண்டு சொட்டு கிளிசரினோ சேருங்கள். காய்ந்து வெடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது வீண்.

6. சீக்கிரம் இறங்கட்டும் என்று எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, கரடுமுரடான ஸ்கிரப் எதுவும் வேண்டாம். தோல் எரிந்து புண்ணானால், நம் மாநிறத்துக்கு அந்த இடமே இன்னும் கருக்கும்.

7. கஷாயம் வைத்து முகம் துடைப்பவர்கள் ஃப்ரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சத்தைக் குடித்துவிடலாம் என்று இரத்த அழுத்தக்காரர்கள் நினைக்க வேண்டாம். அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும்.

8. முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்கு.

9. பகலில் சன்ஸ்கிரீன் போடாவிட்டால் இரவில் தடவியதெல்லாம் வெயிலிலேயே கழிந்துவிடும்.

10. பரு வரும் எண்ணெய்ப்பசை முகத்துக்கு மூன்றாவது குறிப்பு ஒத்துவராது. லேபிளில் கிளாப்ரிடின் என்று போட்ட ஜெல்லோ சீரமோ வாங்கிக்கொள்ளுங்கள்.