பழசானால் விலை கூடும் சரக்கும் கூடாத சரக்கும்
(ஒரு திராட்சைத் தோட்டம் தரும் தொழிற்பாடம்)

அரிசி பழசானால் மதிப்பு கூடும். காப்பித்தூள் பழசானால் குப்பைக்குத்தான் போகும். இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விற்பவர்கள் நாம். எந்தச் சரக்கை இருப்பு வைத்து விற்பது, எதை வந்த வேகத்தில் தள்ளிவிடுவது என்று அறிவதில்தான் வியாபார சூட்சுமத்தின் பாதி அடங்கியிருக்கிறது. இதை விளக்க இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிவப்பு ஒயின்.

மது அருந்தச் சொல்வது நம் நோக்கமல்ல. சாரத்தில் மளிகை, பலசரக்கு நடத்தும் நம்மில் பெரும்பாலோர் அதை விற்கப் போவதுமில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்த ஊரில், "ஒயின் பழசாக ஆகத்தான் ருசி" என்ற பேச்சைக் கேட்காத வியாபாரி இருக்க முடியாது. அந்தப் பேச்சு பாதி உண்மை. விட்டுப்போன மறுபாதியில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

கனமானது, லேசானது

கருந்திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. சாற்றோடு தோலை ஊறவிட்டால் நிறமும் இறங்கும், துவர்ப்பும் இறங்கும். தேயிலையை அதிக நேரம் ஊறவிட்டால் டிக்காஷன் துவர்ப்பதைப் போலத்தான் இதுவும். துவர்ப்பு மிகுந்த கனமான ஒயினில் அந்தத் துவர்ப்பே அதைப் பல ஆண்டு காக்கிறது. வைக்க வைக்க அது பக்குவப்படும்.

துவர்ப்பு குறைந்த லேசான ஒயினின் கதை வேறு. அதன் மதிப்பெல்லாம் பழ மணத்தில் இருக்கிறது. ஓரிரு ஆண்டுகள் போனால் மணம் மங்கும், பிறகு வாங்க ஆள் இராது. பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள பொஜொலே வட்டாரம் இந்த வகைக்குப் பெயர் பெற்றது. அங்கே 'கமே' என்னும் திராட்சையிலிருந்து செய்யும் புது ஒயினை, அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே விற்பனைக்கு விடுகிறார்கள். 1985 முதல் அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள்: நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை. சீக்கிரம் விற்றாக வேண்டிய சரக்கு என்ற குறையையே அவர்கள் ஆண்டுதோறும் வரும் திருநாளாக்கிக் கொண்டார்கள்.

நாசிக் தோட்டம்

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு முக்கிய எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் உள்ள சூலா தோட்டம். இதைத் தொடங்கியவர் ராஜீவ் சமந்த். அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் பொறியியல் படித்து, அங்கேயே வேலையும் பார்த்தவர். 1990-களில் ஊர் திரும்பிக் குடும்ப நிலத்தில் விவசாயம் செய்தார். மா, ரோஜா, தேக்கு, உண்ணும் திராட்சை என்று பலவற்றை முயன்ற பிறகே ஒயின் திராட்சைக்கு வந்தார். கலிபோர்னியாவிலிருந்து கெர்ரி டாம்ஸ்கி என்ற ஒயின் நிபுணரைத் துணைக்கு அழைத்தார். தாயார் சுலபாவின் பெயரிலிருந்து பிறந்த பெயர்தான் சூலா. முதல் ஒயின் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது வெள்ளை ஒயின்.

பின்னர் கலிபோர்னியாவில் புகழ்பெற்ற ஜின்ஃபண்டெல் திராட்சையையும் நட்டு, அதிலிருந்து பழ மணமுள்ள சிவப்பு ஒயின் செய்தார்கள். பிரான்சில் அறுவடை ஆகஸ்டு, செப்டம்பரில். நாசிக்கிலோ கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, மழைக்காலத்தைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுக்கிறார்கள். வெளிநாட்டுக் கொடியானாலும் நம் ஊர்ப் பருவத்துக்கு ஏற்ப நாளை மாற்றிக்கொண்டதால்தான் தொழில் நிலைத்தது.

ஒயின் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத சந்தையில் விளம்பரம் மட்டும் போதாது. 2005-இல் தோட்டத்திலேயே சுவைக்கூடம் திறந்தார்கள். வந்தவர் கொடியையும் ஆலையையும் பார்த்தார். ருசித்துப் பார்த்து வாங்கினார். 2022 டிசம்பரில் இந்நிறுவனத்தின் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன.

நம் கடைக்கு என்ன?

முதலாவது, வெப்பம். ஒயினை வெயில் படாத, 12 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. சித்திரை வெயிலில் ஷட்டர் ஓரத்து அலமாரியில் வைத்த லேசான ஒயின் தன் மணத்தை விரைவில் இழக்கும். அதே அலமாரியில்தான் நாம் கடலெண்ணெயையும் முந்திரியையும் மசாலாத் தூளையும் அடுக்குகிறோம். எண்ணெயும் முந்திரியும் காறுவதும் தூள் மணம் இழப்பதும் அதே வெப்பத்தால்தான்.

இரண்டாவது, முதலீடு. லேசான ஒயினைக் கனமானது என்று எண்ணிப் பூட்டி வைத்தவர், விலை கூடும் என்று காத்திருந்து முதலையே இழப்பார். தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஆறு மாதச் சரக்கை ஒரே தடவையில் கொள்முதல் செய்யும் நம்மவருக்கும் இதே கதிதான். தள்ளுபடியில் கிடைத்த லாபம் கழிவில் போய்விடும்.

மூன்றாவது, சட்டம். மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில் பெரிய பலசரக்கு அங்காடிகளில் ஒயின் விற்க ஒப்புதல் அளித்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. அறிவித்தபடி அது நடைமுறைக்கு வரவில்லை. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரியில் கலால் உரிமம் இல்லாத கடையில் ஒரு புட்டிகூட விற்பனைக்கு இருக்கலாகாது. பண்டிகை நேரத்தில் வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் இதில் தாட்சண்யம் வேண்டாம். ஒரு புட்டியின் லாபத்துக்காகக் கடையின் பெயரையே பணயம் வைக்கக் கூடாது.

செய்து பார்க்க

இந்த வாரம் ஒரு நாள் கடை கட்டும் நேரத்தில் ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், வைத்தால் கெடாத அல்லது மதிப்புக் கூடும் சரக்கு. வலப்பக்கம், நாளாக நாளாக மதிப்பு இறங்கும் சரக்கு. வலப்பக்கச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது கடைக்கு வந்த தேதியையும் விற்றுத் தீர வேண்டிய தேதியையும் எழுதுங்கள். முதலில் வந்ததை முன்வரிசைக்குக் கொண்டு வாருங்கள். வலப்பக்கத்தில் எவ்வளவு முதல் முடங்கிக் கிடக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகே அடுத்த கொள்முதலுக்கு ஆர்டர் கொடுங்கள்.